குழலுக்கு ஏற்ற குண்டு

(வானொலி உழவர் உரையின் எழுத்து வடிவம்)



கதிர் முற்றி அறுவடை நெருங்குகிற காலத்தில், களத்துமேட்டுப் பேச்சிலே துப்பாக்கியும் வந்துவிடும். "அந்தக் காலத்திலே ஒரே வேட்டு, ஒரு பன்றி" என்று பெரியவங்க சொல்லுவாங்க. அவர்கள் சொல்லுவது குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் குண்டையும் போட்டு, நீளக் கம்பியால் கெட்டிக்கிற பழைய துப்பாக்கியைத்தான். இதிலே குறி பார்ப்பது பாதி வேலை. குழலுக்கு ஏற்ற குண்டைத் தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி. அந்தக் குண்டின் வரலாற்றையும், நம்ம செங்கல்பட்டு ஏரிப் பக்கத்திலே அதனால் வந்த ஒரு வழக்கையும் இன்றைக்குப் பார்ப்போம்.

இந்தத் துப்பாக்கியின் பலத்தை நம்ம கரை 18ஆம் நூற்றாண்டிலே நன்றாகவே கண்டது. 1746இல் அடையாற்றங்கரையில், எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரெஞ்சுப் படை நவாபின் பெரும் படையைத் துப்பாக்கி வரிசையாலே விரட்டியது. 1752இல் கிளைவ், மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிற கோவளம் கோட்டையையும், அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். பட்டாளம் இருந்த ஊரிலே துப்பாக்கியும் இருந்தது. ஓய்வு நாளிலே அதுவே வேட்டைக்கும் போனது.

குண்டுக்கு ஏன் ஈயம்? நம்ம கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வீச்சுவலை ஓரத்தில் ஈயமணி கோப்பது ஏன்? சின்ன உருவத்திலே பெரிய கனம். தண்ணீரைப்போல ஈயம் 11 மடங்குக்கு மேல் கனம். இரும்பு ஏறக்குறைய 8 மடங்குதான். ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே உருகிவிடும். அச்சிலே வார்ப்பது சுலபம். மெதுவான உலோகம் என்பதால் குழலையும் அராவாது.

அடுத்தது அளவு. அன்றைய ஆங்கிலச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் உள்ளே சுமார் 19 மில்லிமீட்டர். அவர் போட்ட குண்டோ சுமார் 17.5 மில்லிமீட்டர். இந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. கரிமருந்து எரிந்தால் குழலுக்குள்ளே கசடு படியும். பத்து வேட்டுக்குப் பிறகு அளவொத்த குண்டு உள்ளே இறங்காது. ஆனால் தளர்ந்த குண்டு குழலிலே இடித்து இடித்து வெளியே வரும்போது குறி தவறும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான்.

குண்டுக்கு நம்பர் வந்த கதையும் ருசியானது. ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக வார்த்தால், அந்த உருண்டை சரியாக நுழைகிற குழலுக்குப் 12 நம்பர். பதினாறாக வார்த்தால் 16 நம்பர். ஆகவே நம்பர் கூடக் கூடக் குழல் சிறுக்கும். காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளிகளுக்கு இது புதிதல்ல: 40ஆம் நம்பர் நூல் 20ஆம் நம்பரைவிட மெல்லியதுதானே! அங்கேயும் கணக்கு ராத்தலிலேதான் தொடங்கியது.

குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டிய ரைபிள் வந்ததும் கணக்கு மாறியது. பள்ளத்தைக் கவ்விச் சுழன்று வந்தால்தான் குண்டு நேராகப் போகும். அதற்காக எண்ணெய் தோய்ந்த துணியிலே குண்டைச் சுற்றி இறுக்கமாக இறக்கினார்கள். வேடனுக்கு அது சரி. சண்டைக்காரனுக்கு நேரம் போதவில்லை. 1849இல் மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி அடிப்பக்கம் குழிந்த கூம்புக் குண்டைக் கொண்டுவந்தார். இறக்கும்போது அது தளர்வாக இறங்கும். சுடும்போது மருந்தின் வேகத்தாலே அடி விரிந்து பள்ளத்தைக் கவ்வும். ஆனால் ஈயம் மெதுவாக இருக்கவேண்டும். வேறு உலோகம் கலந்து கடினப்பட்டால் விரியாது. இந்த வகையில் வந்ததுதான் 1853ஆம் வருஷத்து என்பீல்டு ரைபிள். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்று பரவிய பேச்சு, 1857 கிளர்ச்சிக்கு ஒரு பொறியானது.

இனி பறவை வேட்டை. கொக்குக்கும் தாராவுக்கும் ஒற்றைக் குண்டு உதவாது. மிளகளவும் கடுகளவுமான பல ஈயமணிகள் வேண்டும். இவற்றுக்கு ரவை என்று பெயர். 1782இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர், உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழவிட்டு ரவை செய்ய உரிமை வாங்கினார். விழுகிற துளி தானாகவே உருண்டையாகிறது. துளி நன்றாக உருளட்டும் என்று ஈயத்தோடு கொஞ்சம் ஆர்செனிக் என்ற நஞ்சும் சேர்த்தார்கள். நம்ம ஊரிலே நரிக்குறவர்கள் பல தலைமுறையாக இந்த வகைத் துப்பாக்கியில் ரவை கெட்டித்து, காடை கவுதாரி சுட்டுப் பிழைத்தார்கள். எந்தப் பறவைக்கு எந்த ரவை, எவ்வளவு மருந்து என்பது அவர்களுக்குக் கையோடு வந்த அறிவு.

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். மதுராந்தகம் பக்கத்தில் வேடந்தாங்கல் ஏரி. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் வந்து, தண்ணீரில் நிற்கிற கடப்ப மரங்களில் கூடு கட்டும். 1790களில் பட்டாளத்துக்காரர்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அவர்தான் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையிலே வருகிற அதே துரை. 1798இல் ஊராருக்குப் பறவைகளைக் காக்கிற உரிமையை ஒப்புக்கொண்டு கவுல் கொடுத்தார். 1858இல் அப்போதிருந்த கலெக்டர் அந்த உரிமையைப் புதுப்பித்தார்.

இது வெறும் இரக்கத்தினால் கேட்டதல்ல. விவசாயக் கணக்கும் உண்டு. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்து பாய்கிறது. நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்னுகிறது. ஒரு நாள் வேட்டை ருசிக்காக, வருஷாவருஷம் வருகிற உரத்தை விட்டுக்கொடுக்க அந்த ஊரார் சம்மதிக்கவில்லை.

அன்றைக்கு அவர்களும் அறியாத இன்னொரு லாபம் பிறகு தெரிந்தது. ஒரு வேட்டில் இருநூறுக்கு மேற்பட்ட ரவை போகும். பறவையிலே படுவது சில. மீதி ஏரிச்சேற்றில் விழுந்து கிடக்கும், சீக்கிரம் அழியாது. நம்ம வீட்டுக் கோழி, இரையை அரைப்பதற்காகப் பொடிக்கல் பொறுக்குகிறதே, அதுபோலத் தாராக்களும் பொறுக்கும். கல்லென்று நினைத்து ரவையை விழுங்கினால், அது வயிற்றிலே தேய்ந்து ரத்தத்தில் கலந்து மெல்லக் கொல்லும். இதனால்தான் அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாதென்று தடுத்தார்கள். நீர்நிலைக்கு ஏற்ற ஈயக்குண்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, பழைய கெட்டிப்புத் துப்பாக்கியானாலும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பயிர்க் காவலுக்கென்று உரிமம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த உரிமம், வனவிலங்கைச் சுட அனுமதி ஆகாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஈயத்துக்குப் பதிலாகச் சிலர் கள்ளத்தனமாகச் சைக்கிள் பால்ரஸைப் போட்டுக் கெட்டிக்கிறார்கள். கடினமான உருக்கு உருண்டை குழலைக் கெடுக்கும். அளவு தப்பி நடுவிலே சிக்கினால் குழல் வெடித்துச் சுட்டவன் கையும் கண்ணும் போகும். ராத்திரியிலே பன்றியென்று நினைத்துச் சுட்டால், தண்ணீர் கட்டப் போன பக்கத்து வயல்காரர்மேல் படலாம். ஒரு மூட்டை நெல்லுக்காக ஒரு குடும்பம் அநாதையாகவேண்டுமா?

பன்றி சேதம் செய்தால், கால்தடத்தையும் சேதத்தையும் அப்படியே வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே எழுதிக் கொடுங்கள். நஷ்டஈடு கேட்க இடமுண்டு. பறவைக்கு மினுமினுப்பான நாடா கட்டுங்கள், தகரம் தட்டுங்கள். கதிர் முற்றுகிற அந்தச் சில நாட்களுக்கு, அண்டை வயல்காரரோடு சேர்ந்து முறைவைத்துக் காவல் இருங்கள்.

2022இல் வேடந்தாங்கலும், பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் என்ற உலக நீர்நிலைப் பட்டியலில் இடம் பெற்றன. அதற்கு 200 வருஷத்துக்கு முன்னமே, நம்மைப்போன்ற குடியானவர்கள் கலெக்டர் கச்சேரி வாசலில் நின்று, தங்கள் ஏரிக்கு எந்தக் குண்டும் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார்கள்.