ஜனாதிபதியின் குருதி அமுக்கம்

சென்ற மாதம் வைத்தியர் என் குருதி அமுக்கத்தை அளந்து 136/84 என்று எழுதித் தந்தார். "பரவாயில்லை, உப்பைக் குறையுங்கோ" என்றார். அந்தத் துண்டைப் பார்த்தபோது, வரலாற்றைப் பாடமாகப் பயின்ற எனக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் நினைவு வந்தது.

1944 மார்ச்சில் இருதய நிபுணர் ஹவார்ட் புரூவென் அவரை முதன்முறையாகப் பரிசோதித்தபோது அளவு 186/108. இதயமும் தளரத் தொடங்கியிருந்தது. அதுவரை அவரைக் கவனித்துவந்த கடற்படை வைத்தியர் மெக்கின்ரயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர்! எனினும் அவரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. ஒடுங்கிய நாளங்களினூடாகக் குருதியைச் செலுத்த இந்த உயர்வு அவசியம், அதில் கைவைக்கலாகாது என்று பெரிய வைத்தியர்களே நம்பிய காலம் அது. புரூவெனாலும் இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், குறைந்த உப்பு, ஓய்வு என்பவற்றுக்கு மேல் அதிகம் செய்ய இயலவில்லை. ரூஸ்வெல்ட் அவ்வாண்டு நான்காம் முறையாகத் தேர்தலில் வென்றார்; 1945 பெப்ரவரியில் யால்டாவில் ஸ்டாலினுடனும் சேர்ச்சிலுடனும் அமர்ந்து போருக்குப் பிந்திய உலகைப் பற்றிப் பேசினார். ஏப்ரல் 12இல், 63 வயதில், மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் இறந்தார். அன்று மேல் அளவு 300ஐத் தாண்டியிருந்தது. எதிர்பாராத மரணம் என்றே நாட்டுக்குச் சொல்லப்பட்டது.

புரூவென் தம் குறிப்புகளை வெளியிட்டது 1970இல். அதற்குள் நிலைமை மாறியிருந்தது. எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகள் 143 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1967இல் வெளிவந்தது. கீழ் அளவு 115 முதல் 129 வரை உள்ளவர்கள் அவர்கள். வெற்றுக் குளிசை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கு மட்டுமே. 1977இல் அமெரிக்காவின் முதலாவது தேசிய வழிகாட்டல் வந்தது. அதுவும் கீழ் அளவையே அடிப்படையாகக் கொண்டது.

மேல் அளவு? இங்கே என் குடும்பக் கதையும் குறுக்கிடுகிறது. எண்பதுகளில், 68 வயதான என் தந்தையாருக்கு மேல் அளவு 170. கீழ் அளவில் பிழையில்லை. வயதோடு நூறைக் கூட்டிப் பார்த்து, "வயதுக்கு ஏற்ற அளவுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு பாரிசவாதம் வந்து, வலக்கை விழுந்தது. 60 வயதைக் கடந்தோரில் மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்தாலும் மருந்து கொடுத்தால் பாரிசவாதம் 36 சதவீதம் குறையும் என்று அமெரிக்க ஆய்வொன்று காட்டியது 1991இல்.

2017இல் அமெரிக்கர்கள் எல்லையை 130/80க்கு இறக்கினார்கள். அக்கணக்கில் நான் நோயாளி. ஐரோப்பியர்களோ 140/90 என்ற எல்லையை விடவில்லை; அங்கே நான் நோயாளி அல்லன். என் வைத்தியர் எவருடைய கணக்கைப் பார்த்தார் என்று கேட்க மறந்துவிட்டேன்.