மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரில் உள்ள சமண மடம். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடம் இது. பீடமேறும் ஒவ்வொருவரும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரைத் தாங்குவர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த மடமே பிற்காலத்தில் இங்கு இடம்பெயர்ந்தது என்பது மரபு. மடத்தில் பழைய ஓலைச்சுவடிகளும் உள்ளன.

ஊரில் இரண்டு கோயில்கள். ஏழுநிலைக் கோபுரம் கொண்டது பார்சுவநாதர் கோயில். தொலைவிலிருந்தே கண்ணில் படுவது. பழமையில் மூத்தது மலைநாதர் கோயில். அங்கே ஒற்றைப் பாறையில் ஆதிநாதர், பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, இயக்கி அம்பிகை ஆகியோரைப் புடைப்பாகச் செதுக்கியுள்ளனர். இவை ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பாகுபலியின் கால்களில் கொடி சுற்றியிருக்கும், பார்சுவநாதரின் தலைக்கு மேல் பாம்பு படமெடுத்திருக்கும்; இவ்விரு அடையாளங்களை அறிந்து செல்பவருக்கு மற்ற உருவங்களையும் பிரித்தறிவது எளிது.

1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் இப்பகுதியின் மரபுக் கதை ஒன்றைச் சொல்கிறது. செஞ்சியை ஆண்ட வெங்கடபதி சமணரைக் கொடுமைப்படுத்த, பலர் திருநீறு பூசிச் சைவரானார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்படி உடையார்பாளையம் சென்ற தாயனூர் காங்கேய உடையார் பின்னர் திரும்பிவந்து, சிரவணபெளகொளவில் தங்கியிருந்த வீரசேனாசாரியரை அழைத்துவந்து சமயத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். கதையின் காலக்கணக்கு வரலாற்றோடு முழுதும் பொருந்தவில்லை. ஆயினும், நயினார் எனப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தாங்கள் பிழைத்துவந்ததை எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பழைய மடங்கள் எல்லாமே வழிபாட்டில் நீடிப்பதில்லை. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 1118இல் தொடங்கப்பட்ட ஃபோந்தெனே மடத்திலிருந்து, பிரெஞ்சுப் புரட்சியோடு துறவியர் வெளியேறினர். இன்று அது நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் நினைவுச்சின்னம். சித்தாமூரிலோ பூசையும் விழாவும் நின்றுபோகவில்லை. ஆகவே ஒளிப்படம் எடுக்க வருபவர் முதலில் மடத்தில் அனுமதி கேட்பதே முறை. செருப்பு மட்டுமல்ல, தோலால் ஆன இடுப்பு வாரையும் கேமரா பையையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டும். கருவறையையும் பூசை செய்வோரையும் கேட்காமல் எடுப்பது தவறு. பாறைச் சிற்பங்களுக்கு ஃபிளாஷ் உதவாது. நேராக விழும் வெளிச்சம் புடைப்பின் நிழலை அழித்து உருவங்களைத் தட்டையாக்கிவிடும். கேமராவை அசையாமல் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து வரும் இயல்பான வெளிச்சத்தில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தால் உளியின் வேலைப்பாடு தெளிவாகத் தெரியும்.

இங்கு வருபவர்கள் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றையும் பார்த்தாக வேண்டும். திறந்தவெளிப் பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த செய்தியைச் சொல்லும் நிசீதிகைக் கல்வெட்டும் இங்கேதான் உள்ளது. தமிழ் எழுத்து வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் எழுத்துகள் படிக்கும்படி வரும். தெளிவுக்காக எழுத்துகளின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசும் பழக்கம் கல்லைக் கெடுக்கும். அதை அறவே விட வேண்டும்.