அபிமானிகள் வகுத்த வியூகங்கள்

தாம்பரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1931-ல் கடற்கரையிலிருந்து இவ்வூர் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரயிலையும், 1937-ல் பட்டணத்து நெரிசலை விட்டுக் காட்டோரம் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியையும், 1949-ல் ஸி. ராஜம் குரோம்பேட்டையில் ஸ்தாபித்த எம்.ஐ.டி.யையும், 1984-ல் சானடோரியத்தை அடுத்து எழுந்த ஏற்றுமதி மண்டலத்தையும் வரிசையாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இவை யாவும் சேர்ந்து மாணவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் இந்தத் தென்புறத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகு, புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர்களுடைய மாலைப் பொழுதுகளைப் பெரிதும் விழுங்கிய ஒரு வியாபாரத்தைப் பற்றி மட்டும் எந்த ஊர்ச்சரித்திரமும் பேசுவதில்லை. ஜெராக்ஸ் கடையின் மாடியிலோ, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் காலிசெய்துபோன அறையிலோ பிளைவுட் தடுப்புகளை நிறுத்தி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார வைத்த பிரவுசிங் சென்டர்தான் அது.

ரயில்வே ரிசர்வேஷன், பரீட்சை முடிவு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல் என்று பெரியவர்கள் வந்துபோன அதே இடத்தில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்து இளைஞர்கள் யுத்தம் செய்தார்கள். அந்த யுத்தங்களில் மிகுந்த பிரக்யாதி பெற்றவை கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆகிய மூன்றும் என்றால் அக்காலத்தவர் ஆட்சேபிக்க மாட்டார்கள். இவற்றுள் முதல் இரண்டும் எந்தக் கம்பெனியின் கூலிக்கும் எழுதப்பட்டவையல்ல என்பதும், வேறு ஆட்டங்களின் மேல் மோகம் கொண்ட அபிமானிகள் தம் ஓய்வு நேரத்தில் கட்டியவை என்பதும் அங்கே விளையாடியவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எதிரி கோட்டை வாசலில் நிற்கும்போது அதைப் பற்றி யோசிக்க யாருக்கு அவகாசம்?

கம்பெனிகள் தம் ஆட்டத்தோடு காட்சிகளை மாற்றியமைக்கும் கருவியையும் வைத்துக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வழக்கம் வேரூன்றியது. 1998-ல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட்டின் மேல் ஓர் அபிமானி வரைந்த யுத்தபூமியைக் கண்டு, 2003-ல் வேறொருவர் வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தின் கருவியைக் கொண்டு டோட்டாவை அமைத்தார். அவர் விலகியதும் மற்றொருவர் எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து பெயரை வெளியிடாத இன்னொருவர் கைக்குப் போய், வருஷக்கணக்காகத் திருத்தப்பட்டு, 2013-ல் ஒரு பெரிய கம்பெனியின் சொந்த ஆட்டமாகவே அது மறுபிறப்பு எடுத்தது. நம்மவர்களுக்கு இந்த முறை அந்நியமானதன்று. வியாசரிடத்தில் இல்லாத அல்லியை மதுரைக்கு அரசியாக்கி, அர்ஜுனனை அவள் வாசலில் படாதபாடு படவைத்த அல்லி அரசாணி மாலையும், தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் இரவு முழுதும் கூத்தாடிகள் தம் போக்கில் விரித்துக்கொண்டுபோகும் பாரதமும், பிறர் சமைத்த உலகத்தில் அபிமானிகள் இடம்பிடித்துக் கட்டிய மாளிகைகளே.

கம்பெனிகளின் ஆட்டத்தில் அபிமானி எப்போதும் விருந்தாளி. வீட்டுக்கே உரிமை கொண்டாட வேண்டுமென்றால் ஆட்டமே பொதுச்சொத்தாக இருக்கவேண்டும். அத்தகைய ஆட்டமொன்றை 2003-ல் டேவிட் வைட் என்பவர் தொடங்கினார். 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்று பெயர். எல்ஃபுகளும் குள்ளர்களும் பிரேதப் படைகளும் உலவும் மாயாலோகத்தில், அறுகோணக் கட்டங்கள் வரைந்த நிலத்தின் மேல், சதுரங்கம்போல் முறை வைத்து ஆடும் யுத்தம் அது. கட்டற்ற மென்பொருளாக வெளிவந்ததால் விலையில்லை. மூலநிரலைப் படிக்கவோ திருத்தவோ தடையுமில்லை. 2005-ல் மத்திய அரசின் ஆதரவோடு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் ஏற்பட்டபோது, அதை நடத்திய இரு நிறுவனங்களில் ஒன்றான ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே இருந்தது என்பது இந்த வட்டாரத்துக்குரிய பெருமை. அந்த முயற்சியின் பலனாக 2007-ல் வெளிவந்த பாஸ் லினக்ஸ், டெபியன் என்னும் பெருந்தொகுப்பை அடியொற்றியது. டெபியனின் களஞ்சியத்திலோ வெஸ்நாத் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அரசாங்கக் காரியாலயங்களுக்கென்று இழைத்த மென்பொருளின் கொல்லைப்புறம் வழியே மாயாலோக யுத்தத்துக்கு ஒரு பாதை இருந்ததைத் திட்டம் வகுத்த அதிகாரிகள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெஸ்நாத்தில் தனி யுத்தங்களைக் காட்டிலும் சிறப்புப் பெற்றவை, கேம்பெயின் என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் தொடர்யுத்தங்கள். ஒரு களத்தில் பிழைத்த வீரன் அடுத்த களத்துக்கு அனுபவத்தோடு வருவான், மாண்டவன் மாண்டவன்தான். சாதாரண எழுத்துக்கோப்பாக எழுதக்கூடிய எளிய நிரல்மொழி ஒன்றைக் கொடுத்து, எழுதியதை எல்லோரும் இறக்கிக்கொள்ளப் பொதுச் சேமிப்பிடமும் வைத்ததால், உலகமெங்கும் அபிமானிகள் தம் தொடர்யுத்தங்களைக் குவித்தார்கள்; தேறிய சில மூல ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப்பட்டன. அப்படி உள்ளே வந்தவற்றுள் என் அபிப்பிராயத்தில் தலைசிறந்ததும், அபிமானி எழுத்தின் குற்றங்கள் அனைத்தையும் ஒருங்கே காட்டுவதும் 'அண்டர் தி பர்னிங் சன்ஸ்' என்பதே.

வெஸ்நாத் ராஜ்யம் அழிந்து நெடுங்காலம் கழிந்த பின் நிகழும் கதை அது. வானத்தில் இரண்டு சூரியன்கள்; கீழே வனவாசத்தை மறந்து பாலைவாசிகளாகிவிட்ட எல்ஃபுகள். வானத்திலிருந்து விழுந்த நெருப்பு ஓர் இரவில் கிராமத்தை அழித்துவிட, காலே என்னும் இளைஞன், தங்கள் தெய்வமாகிய எலோவின் ஆணையென்று தான் நம்பும் குரலைக் கேட்டு, மிச்சமிருக்கும் ஜனங்களை அழைத்துக்கொண்டு மணலைக் கடந்து, மலைக்கு அடியிலுள்ள இருட்குகைகளைக் கடந்து, சமுத்திரத்தையும் கடந்து போகிறான். ராஜகுமாரன் சிம்மாசனத்தை மீட்கும் கதையை ஆயிரம் முறை கேட்டுச் சலித்த செவிக்கு, ராஜ்யமே இல்லாத ஒரு ஜனக்கூட்டம் இடம்பெயரும் இக்கதை புத்தம்புதிதாக இருக்கிறது. கேட்ட குரல் தெய்வத்தினுடையதுதானா என்ற சந்தேகத்தை மெல்ல மெல்ல ஊன்றி, கடைசியில் தெய்வவேஷம் பூண்ட பகையை எதிரில் கொண்டுவந்து நிறுத்தும் துணிவு, விற்பனையை எண்ணி எழுதும் கம்பெனிக்கு எளிதில் வராது.

கதையைவிட நான் வியப்பது, கதை ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே புகுந்துவிட்ட விதத்தை. மூல ஆட்டத்தில் பகலும் இரவும் ஆறு முறைகளில் சுழன்று, பகற்பிராணிக்குப் பகலிலும் நிசாசரருக்கு இரவிலும் கால்பங்கு பலத்தைக் கூட்டும். இங்கே இரட்டைச் சூரியன்களால் அந்தச் சுழற்சியே மாறிவிடுகிறது. பகலில் மணலில் நிற்கும் வீரன் தாகத்தால் வலுவிழக்கிறான். நீர்நிலையையோ வைத்தியரையோ அடைந்தால்தான் தேறுகிறான். ஆகவே எதிரியைத் தேடி ஓடவேண்டிய சேனாபதி தண்ணீரைத் தேடி ஓடுகிறான். கத்திரி வெயிலில் வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்கவேண்டியதில்லை. குகைக்குள் குள்ளர்களோடு சேர்வதா, டிரால்களோடு சேர்வதா என்று ஆட்டக்காரனே தீர்மானிக்கவேண்டி வருகிறது. எப்படித் தீர்மானித்தாலும் மறுதரப்பார் கெட்டவர்கள் என்ற திருப்தி கிடைப்பதில்லை.

இனிக் குற்றங்களைச் சொல்லவேண்டும். அபிமானிக்குத் தன் சிருஷ்டியில் எதையும் விட மனம் வராது. குகை என்றால் ஒரு குகை போதாமல் கிளைக்குமேல் கிளையாக நீளும். பாத்திரங்கள் யுத்தத்தின் நடுவே நின்று பேசுவார்கள், பேசியதையே மறுபடியும் பேசுவார்கள். இருட்டில் திடீரென்று பாயும் பகை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஒருமுறை தோற்றவனே அறிவான். ஆதலால் வெற்றி யோசனையின் பலனாக இராமல் ஞாபகத்தின் பலனாகி, சேமித்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் சோர்வு மிஞ்சுகிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை, அனுபவசாலிகள் தொடர்ந்து வருவதென்ற ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆரம்பக் களங்களில் வீரர்களைக் காப்பாற்றிக்கொண்டவனுக்குப் பிற்பகுதி விளையாட்டாகிவிடும்; அப்போது இழந்தவனோ, ஏழாம் களத்தில் தோற்கப்போவதை மூன்றாம் களத்திலேயே நிச்சயித்துவிட்டு, அதை அறியாமல் பல இரவுகள் உழைத்துக்கொண்டிருப்பான். எழுதியவர் தம் ஆட்டத்தைத் தாமே நூறு முறை ஆடிப் பழகியவர் என்பதால் இந்தக் கஷ்டம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. தேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பது குறைக்குப் பரிகாரமாகாது. ஆயினும் பொதுச்சொத்தாக இருந்ததனால், பிற்காலத்தில் பிறர் கைகள் அதன் படைவகைகளையும் சித்திரங்களையும் மாற்றி, முட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவந்தன.

பிரவுசிங் சென்டர்களின் கதை இதற்குள் முடிந்துவிட்டது. 2011 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் விதிகள், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது, வருபவரின் அடையாளச் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி ஒரு வருஷம் பாதுகாக்கவேண்டும் என்று வகுத்தன. அவ்வருஷம் செப்டம்பரில் மாநில அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2016-ல் ஜியோ வந்து கைபேசியிலேயே இணையத்தைக் கொட்டியதும், எஞ்சியிருந்த கடைகள் ஆதார் திருத்தத்துக்கும் பிரிண்ட் அவுட்டுக்கும் ஒதுங்கிக்கொண்டன.

அங்கே ஆடிய மூன்றாவது ஆட்டத்தின் பிற்காலமும் அபிமானிகளால் ஆனதுதான். 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தைக் கம்பெனி கைவிட்டிருந்த காலத்தில், 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற அபிமானிக் குழுவினர், இந்தியர் உட்படப் புதிய தேசத்தாரைச் சேர்த்து ஒரு விரிவை வெளியிட்டார்கள். 2013-ல் அதுவே அங்கீகாரம் பெற்ற வெளியீடாயிற்று, அபிமானிகளும் சம்பளக்காரர்கள் ஆனார்கள். அந்த வழியில்தான் 2022 ஏப்ரலில் திராவிடர் என்றொரு தேசத்தாரும், இராஜேந்திர சோழனைத் தலைவனாகக் கொண்ட ஒரு தொடர்யுத்தமும், திரிசடை என்னும் கப்பலும் வந்து சேர்ந்தன. சம்பளம் வந்ததோடு அளவும் வந்தது; களங்கள் நீளாமல், பேச்சு மிஞ்சாமல், இழந்தவனும் மீண்டெழ இடம்கொடுத்துச் செம்மையாக ஓடுகின்றன. ஆனால் மலையாளக் களரிக்குரிய உருமி வாள் சோழப் படையின் கையில் சுழல்வதைக் காணும்போதும், குதிரைப்படை இவ்வளவு சோனியாக இருப்பதைக் காணும்போதும், பாலைவனத்தில் தாகத்தைக் கண்டுபிடித்தவரின் பித்து இங்கே யாருக்காவது இருந்திருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுகிறது. காட்சியமைக்கும் கருவி இந்த ஆட்டத்தோடும் இணைந்தே வருகிறது. கடாரத்துக்குப் போகும் கப்பல்கள் போதவில்லை என்று கருதும் தாம்பரத்துப் பையன் அதைத் திறந்து, தன் கடலைத் தானே வரைந்து, எத்தனை கப்பல் வேண்டுமானாலும் மிதக்கவிடலாம். கையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டானானால் அவன் சிநேகிதர்களுக்கும் ஆட முடியும்.