வெருகலாற்றின் இரு கரைகள்: பிரிபடாத காணியும் உறவினரும்

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலைச் சேரும் பகுதியில், திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்த வெருகல், பழைய கொட்டியாரப்பற்றின் எல்லையூராகும். ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு தேசம் தொடங்குவதால், இருவேறு சொத்து வழமைகளுக்கு இடையிலான நிலமாகவும் இவ்வூரைக் கொள்ளலாம். ஒரு குடும்பத்தார் பலருக்குப் பொதுவான காணியை அவர்களுள் ஒருவர் விற்க முனையும்போது மற்றையோரின் சொல்லுக்கு என்ன வலு உண்டு என்ற கேள்விக்கு, வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு விடைகள் வழங்கின.

வடக்கிலிருந்த விடை முதலில் ஏட்டில் ஏறியது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்சு தொகுத்து 1707இல் அளித்த தேசவழமை, முன்னோர் வழிவந்த முதுசம், பெண்ணுக்குத் திருமணத்தில் கொடுக்கப்படும் சீதனம், கணவன் மனைவி இல்வாழ்க்கையிற் சேர்த்த தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்ததோடு, காணியை விற்க எண்ணுபவர் தம் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்ற வழக்கத்தையும் பதிந்தது. தனித்தனியே சொல்லும் பழைய முறையின் இடத்தில், விற்பனை எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்கும் முறையை ஒல்லாந்தர் புகுத்தியிருந்தனர். அந்நியருக்கு முன் உறவினர் வாங்கிக்கொள்ளும் இவ்வுரிமையே முற்கொள்வனவு உரிமை எனப்படுகிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைப் புதுப்பித்து வரையறுத்ததாயினும், அதன் பயன் வட மாகாணக் காணிகளோடு நின்றுவிட்டது.

தெற்கே மட்டக்களப்பில் முக்குவர் சமூகத்தின் வழமையாகிய முக்குவச் சட்டம் நிலவியது. 1876இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ அதனை நூலாக்கினார். அதன்படி முதுசம் தாய்வழியே சென்று சகோதரியின் மக்களைச் சேருமாதலால், அதனைக் கையில் வைத்திருப்பவர் பொதுவாக உரித்தாளிகளின் இசைவின்றி விற்க இயலாது. அதே 1876இல் வந்த 15ஆம் இலக்க மணவுரிமை மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த உரிமைமுறையை நீதிமன்றங்களிலிருந்து அகற்றிவிட்டது. எனினும் வீட்டையும் வளவையும் மகளுக்கே கொடுக்கும் வழக்கம் கீழ்க்கரையெங்கும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. நீதிமன்றம் ஏற்காத வழமை, திருமணப் பேச்சின்போது குடிப் பெரியோர் முன்னிலையில் உயிரோடு இருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது.

கொட்டியாரப்பற்றில் பொதுவுரிமை என்பது பெரும்பாலும் கோயிலோடு சேர்த்து உணரப்பட்டது. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கருதப்படும் கோணேசர் கல்வெட்டு, தானத்தார், வரிப்பத்தார் என்னும் தொழும்பாளர்களுக்குக் கோணேசர் ஆலயத்தில் பரம்பரைக் கடமைகளை வகுத்துரைக்கிறது. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிற் சாசனமோ வன்னிமைத் தலைவராகிய கயிலாய வன்னியனாரைக் குறிப்பிடுகிறது. பரம்பரை உரிமை ஒருவர் கைமாற்றத்தக்க பண்டம் அன்று, முறை வரும்போது செய்து நிறைவேற்றப்படும் கடமை என்ற எண்ணம் இத்தகைய ஏற்பாடுகளில் ஊறியிருக்கிறது.

ஆங்கிலேயரின் 1863ஆம் ஆண்டு 10ஆம் இலக்கப் பிரிவிடல் கட்டளைச் சட்டம் இதற்கு நேரெதிரான கோட்பாட்டிலிருந்து தொடங்கியது. பொதுவுடைமையில் ஒருவரும் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுண்டு இருத்தலாகாது என்னும் உரோமன் டச்சுச் சட்டக் கருத்தைப் பின்பற்றி, எத்துணைச் சிறிய பங்குடையவரும் காணியைப் பிரித்துத் தரும்படியோ, பிரித்தல் இயலாவிடின் விற்றுப் பணத்தைப் பகிரும்படியோ வழக்கிடலாம் என்றது. விற்பனை ஏற்படின், மதிப்பிட்ட விலையில் முதலில் இணைச்சொந்தக்காரருக்குள்ளேயும் பின்னரே பொது ஏலத்திலும் காணி விடப்பட வேண்டியிருந்தது. உறவினரை முதலில் கேட்டல் என்ற பழைய மரபின் நிழல் இந்த ஏற்பாட்டில் தெரிகிறது. ஆனால் மரபில் அது வழக்கைத் தவிர்ப்பதற்காக இருந்தது. இங்கோ வழக்கு முற்றிய பிறகே வந்தது. வழக்கின்றித் தம் பிரிபடாத பங்கை அந்நியருக்கு உறுதி முடித்துக் கொடுப்பவரை இச்சட்டம் தடுக்கவும் இல்லை.

பங்குகள் எவ்வாறு நுண்மையடைகின்றன என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். விருப்பாவணம் இன்றி ஒருவர் இறப்பின், பொதுச் சட்டப்படி பாதி துணைக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும். ஆறு ஏக்கர் காணியை விட்டு இறந்தவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/8 பங்கு. அப்பிள்ளைகளுள் ஒருவர் தம் துணையையும் மூன்று மக்களையும் விட்டு இறப்பின், பேரர் ஒருவருக்கு 1/48, அதாவது 20 பேர்ச் மட்டுமே கிடைக்கும். அந்த 20 பேர்ச் நிலத்தில் எங்கே இருக்கிறது என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாதிருப்பதே பிணக்கின் வேர்.

நீதிமன்றம் உறவை முற்றாக மறந்துவிடவில்லை. 1911இல் கொரேயா எதிர் இசேரிஸ் அப்புகாமி வழக்கில் பிரிவி கவுன்சில், இணைச்சொந்தக்காரர் ஒருவரின் ஆட்சி எல்லோருக்காகவும் நிகழும் ஆட்சியே என்றும், பத்தாண்டு இருந்தமையால் மட்டும் அவர் மற்றையோரின் உரிமையை விழுங்கிவிட முடியாது என்றும் தீர்த்தது. ஊரில் இருந்து காணியைப் பார்த்தவரும் வெளியூர் சென்றவரும் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கைக்குச் சட்டம் அளித்த பாதுகாப்பு இதுவே. 1918இல் திலகரத்தின எதிர் பஸ்தியான் வழக்கு, மிக நீண்ட தனியாட்சியிலிருந்து மற்றையோர் வெளியேற்றப்பட்டமையை ஊகிக்கலாம் என்று அப்பாதுகாப்பை ஓரளவு தளர்த்தியது.

வெருகலின் எல்லாக் காணிகளும் உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் விரும்பியவாறு பிரிக்கப்படலாகா. உரிமையாளர் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிக்கலாம். குறிக்காது இறந்தால் ஒரே வகை உறவினருள் ஆணுக்கு முன்னிடம் கொடுத்த அட்டவணை 2022இன் திருத்தம் வரை நடைமுறையில் இருந்தது. மகளுக்கு வளவு கொடுக்கும் நாட்டில் மூத்த மகனைத் தேடிய இவ்விதி, பல சகோதரிகளுக்குத் தாம் குடியிருந்த மண்ணிலேயே உரிமை இல்லாமற் செய்தது. இதனை ஓர் அநீதி என்றே கூறவேண்டும்.

உள்நாட்டுப் போர் இவை யாவற்றையும் சிக்கலாக்கியது. 2006இல் மாவிலாற்று மோதலைத் தொடர்ந்து ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரை வழியே மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்தனர். இத்தகைய ஓட்டங்களில் உறுதிகள் தொலைந்தன, எல்லைகள் காடாயின, பங்காளிகள் கடல் கடந்தனர். படகுத்துறையாக இருந்த ஆற்றைப் போருக்குப் பின் பாலம் இணைத்தபோது, தெருவோரக் காணிக்கு விலையும் அதனோடு விற்கும் ஆவலும் வந்தன. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, இடம்பெயர்ந்தோருக்கு எதிரான பத்தாண்டு ஆட்சிக் கணக்கிற் சேர்க்கலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கூறியது. ஆயினும் அதன் பயனைப் பெற இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டியிருந்தமை மிகக் குறுகிய அவகாசம்.

1863ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் வந்த 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்கீழான வழக்கு, நில அளவை, உரித்து விசாரணை, இடைக்காலத் தீர்ப்பு, இறுதிப் பங்கீடு எனத் தலைமுறை கடந்தும் நீள்வதுண்டு. ஆகையால் 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வடக்குக் கிழக்கில் அமைந்த விசேட காணி மத்தியஸ்த சபைகள், பழைய குடிப் பெரியோரின் இடத்தை ஒருவாறு நிரப்புகின்றன. சபை தீர்ப்பளிப்பதில்லை, இரு தரப்பையும் ஒருங்கே அமர்த்தி இணக்கம் காண முயல்கிறது. ஆனால் அங்கே எட்டும் இணக்கம் வந்திருந்தோரையே கட்டும். பிரிவிடல் தீர்ப்போ வராதவரையும் கட்டும். ஆதலால் வெளிநாட்டில் உள்ள பங்காளிகளிடமிருந்து அற்றோணித் தத்துவம் பெற்று, நில அளவையாளரின் படத்தோடு, நொத்தாரிசு முன் எல்லோரும் கையொப்பமிட்ட பங்கீட்டு உறுதியாக அவ்விணக்கம் மாறிக் காணிப் பதிவகத்தில் பதியப்படும்போதுதான் பிணக்கு தீர்ந்ததாகிறது.