டயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது? - ஒரு குதிரை வண்டிக் கதை

என் தாய்மாமா டாக்சி ஓட்டுகிறார். சொந்த வண்டி இல்லை, ஓனர் வண்டிதான். சில மாதங்களுக்கு முன் அந்த வண்டியின் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் வழவழவென்று மொட்டையாகி, கம்பி எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஓனர் வந்து பார்த்தார். "வளைவுல எல்லாம் ஸ்பீடா ஒடிச்சுத் திருப்பினா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி, ஒரு டயரின் விலையை மாமாவின் சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

புது டயர் போட்ட கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று வரிசை. சில எண்கள் சிவப்பில். மாமா அதை என்னிடம் நீட்டி, "நீதான் காலேஜ் படிக்கிறியே மாப்ளே, இது என்னன்னு சொல்லு" என்றார். நான் படிப்பது பி.காம். பேலன்ஸ் ஷீட் என்றால் ஏதோ சொல்லலாம், இந்த ஷீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? :-)

மானம் போகக் கூடாதே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால் கதை கார் பக்கமே வரவில்லை, நேராகக் குதிரை வண்டிக்குப் போய்விட்டது.

பழைய நான்கு சக்கர வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரே ஒரு ஆணியில் சுழலும். குதிரை திரும்பினால் அச்சும் திரும்பும். இதில் இரண்டு தொல்லை. சக்கரம் வண்டிக்கு அடியில் புகுந்து திரும்ப வேண்டும் என்பதால் முன் சக்கரத்தைச் சின்னதாக வைக்க வேண்டும், அல்லது வண்டியை உயரமாகக் கட்ட வேண்டும். இன்னொன்று ஆபத்தானது. நன்றாக ஒடித்துத் திருப்பினால் முன் சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிடும், தாங்க ஆள் இல்லாமல் வண்டி கவிழும்.

இதற்கு ஒரு வழி முதலில் யோசித்தவர் ஒரு டாக்டர். இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த எராஸ்மஸ் டார்வின். (ஆமாம், குரங்கு மனிதன் விஷயத்தில் நாம் பரீட்சைக்குப் படித்த சார்லஸ் டார்வினின் தாத்தாவேதான்.) நோயாளிகளைப் பார்க்க ஆயிரக்கணக்கான மைல் வண்டியில் அலைந்தவர். 1758-59 வாக்கில், அச்சைத் திருப்பாமல் ஒவ்வொரு முன் சக்கரமும் தன் இடத்திலேயே திரும்புகிற மாதிரி ஒரு அமைப்பை வரைந்தார். ஆனால் காப்புரிமை வாங்கவில்லை. வண்டி செய்கிறவன் என்று பெயர் வந்தால் வைத்தியத் தொழில் கெடும் என்ற பயம். 1768-இல் தானே வடிவமைத்த வண்டி ஒன்றிலிருந்து தூக்கி எறியப்பட்டு முழங்கால் சில்லு உடைந்து, அதற்குப் பின் கால் நொண்டியது தனிக்கதை.

ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1816-இல், மியூனிக்கில் பவேரிய அரசவைக்கு வண்டி செய்துகொடுத்த கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் இதையே தனியாகக் கண்டுபிடித்தார். அவருக்கு லண்டனில் ஒரு ஏஜென்ட் இருந்தார். பெயர் ருடால்ஃப் ஆக்கர்மேன். ஜெர்மனியில் பிறந்து, வண்டி வடிவமைப்பு கற்று, லண்டனில் படங்கள், புத்தகங்கள் பதிப்பித்துப் பெரிய ஆளானவர். 1805-இல் நெல்சனின் சவ ஊர்வல வண்டிக்கு வடிவம் கொடுத்தவரும் இவர்தான். 1818-இல் இங்கிலாந்துக் காப்புரிமையை ஆக்கர்மேன் தன் பெயரில் பதிவு செய்தார். அவ்வளவுதான். இன்றுவரை உலகம் முழுக்க மெக்கானிக்கல் மாணவர்கள் படிப்பது "ஆக்கர்மேன் ஸ்டீரிங்". யோசித்த டார்வினும் இல்லை, செய்த லாங்கன்ஸ்பெர்கரும் இல்லை. பில் போட்டவர் பெயர் நின்றுவிட்டது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், கிரெடிட் தப்பான கணக்கில் விழுந்துவிட்டது.

இதில் வேடிக்கை, லண்டன் வண்டிக்காரர்கள் அந்த ஏற்பாட்டைப் பெரிதாகச் சீண்டவே இல்லை. பிரான்சில் அமெதே பொல்லே 1873-இல் செய்த நீராவி வண்டியில்தான் சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்பின. பாரிஸில் ஷார்ல் ழாந்தோ 1878-இல் அதன் கணக்கைச் சரிசெய்தார். வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. அதனால் உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதாவது ஒன்று குறுக்காக இழுபடும். நம் ஊர்த் தேர் முக்குத் திரும்பும்போது முட்டுக்கட்டை போட்டு, சக்கரம் தரையைச் சுரண்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், சின்ன அளவில். 1886-இல் கார்ல் பென்ஸ் தன் முதல் காரை மூன்று சக்கரத்தில் செய்ததற்குக் காரணமும் இந்தத் திரும்பல் பிரச்சினைதான். நான்கு சக்கர ஸ்டீரிங்குக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1893-இல்.

சரி, தாளில் இருந்த கேம்பர், டோ எங்கிருந்து வந்தன? அவையும் குதிரை வண்டிச் சொத்துதான். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

மரச் சக்கரம் தட்டையாக இருக்காது. ஆரக்கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, ஆழமில்லாத தட்டு மாதிரி குழிவாக இருக்கும். பக்கவாட்டில் இடி வந்தால் தாங்குவதற்காக அப்படிச் செய்வார்கள். ஆனால் பாரம் இறங்குகிற கீழ் ஆரக்கால் நேராக நிற்க வேண்டுமே? அதற்காக அச்சின் முனையைக் கொஞ்சம் கீழே வளைத்தார்கள். இப்போது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்துவிட்டது. இந்தச் சாய்வுதான் கேம்பர்.

சாய்ந்த சக்கரம் நேராக ஓடாது. ஒரு ரூபாய் நாணயத்தை உருட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாக வளைந்து ஓடும். வண்டியின் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசையில் வெளியே ஓடப் பார்த்து, கடையாணியைத் தேய்த்துத் தின்னும். அதற்கு வைத்தியமாக அச்சு முனைகளை ஒரு துளி முன்னால் திருப்பி, சக்கரங்கள் முன்பக்கம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தார்கள். இதுதான் டோ-இன். அதாவது ஒரு கோளாறைச் சரிசெய்ய இன்னொரு கோளாறு. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்தால் வண்டி நேராக ஓடும்.

கார் வந்தபோது இந்த வழக்கம் அப்படியே கூட வந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி-யில், முன் சக்கரங்களின் மேல் முனைகளுக்கு இடையே உள்ள தூரம் கீழ் முனைகளை விட ஏறக்குறைய 3 அங்குலம் அதிகம். ஃபோர்டு கம்பெனியே கையேட்டில் எழுதியிருக்கிறது. காரணமாகச் சொல்வது நல்ல ஸ்டீரிங், திரும்பும்போது டயர் தேயாமல் இருக்க என்று! அந்தக் காலத்து டயர் ஒல்லி, காற்றழுத்தம் அதிகம். சாய்ந்து ஓடினாலும் ஓரம் தனியாகத் தேய அதில் அகலமே இல்லை.

1923 வாக்கில் அமெரிக்காவில் பலூன் டயர் வந்தது. அகலம் கூடியது, காற்று குறைந்தது, பயணம் மெத்தென்று ஆனது. கூடவே முன் சக்கரங்கள் தாறுமாறாக ஆட ஆரம்பித்தன. அகல டயரைச் சாய்த்து ஓட்டினால் ஒரு ஓரம் மட்டும் தேயும் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. அச்சு என்ற ஒற்றைக் கம்பி போய், பல கைகள், மூட்டுகள், ரப்பர் புஷ்கள் வந்தன. வசதிதான். ஆனால் ஒவ்வொரு மூட்டும் தேய்கிற இடம். எது தேய்ந்தாலும் கோணம் மாறும். 1946-இல் மிஷ்லின் காப்புரிமை வாங்கி 1949-இல் விற்பனைக்கு விட்ட ரேடியல் டயர் பழைய டயரை விடப் பல மடங்கு உழைத்தது. டயர் சீக்கிரம் முடிந்துபோன காலத்தில் கோணம் கொஞ்சம் தப்பாக இருந்தால் யார் கவனித்தார்கள்? நீண்ட நாள் ஓட வேண்டிய டயர் பாதியில் போனால்தான் வலிக்கும்.

இப்போது மாமாவின் தாளுக்கு வருகிறேன். அதில் முன் சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, டோ-அவுட். மொத்தம் 6 மில்லிமீட்டர், அதாவது சக்கரத்துக்கு 3. டயரின் விட்டம் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். 600-க்கு 3 என்றால் 200-க்கு 1. வண்டி 200 மீட்டர் போனால் சக்கரம் 1 மீட்டர் விலகிப் போகப் பார்க்கிறது, ஆனால் வண்டி அதை விடாமல் நேராக இழுக்கிறது. ரப்பர் வளைந்து கொடுத்துக் கொஞ்சம் தாங்கும், மீதி உராய்வு. கிலோமீட்டருக்கு 5 மீட்டர். மாமா ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெருக்கிப் பாருங்கள், தினமும் ஒரு முழுக் கிலோமீட்டர்! கணக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டோ-அவுட்டில் தேய்வது உள்ஓரம். டயர் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவினால் ஒரு பக்கம் போகும்போது வழுக்கும், திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி நெருடும். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். ஷாக் அப்சார்பர் போயிருந்தால் அங்கங்கே குழி விழும். வளைவில் வேகமாகத் திருப்பினால்? வண்டி வெளிப்பக்கம் சாய்வதால் டயரின் வெளிஓரம் தேயும். ஆக, ஓனர் சொன்னது உண்மை என்றால் தேய்ந்திருக்க வேண்டியது அந்தப் பக்கம். மாமா டயரில் அந்தப் பக்கம்தான் நன்றாக இருந்தது.

டோ ஏன் கெட்டது என்று பார்த்ததில் ஸ்டீரிங் கம்பியின் பால் ஜாயிண்ட் தளர்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஆகியிருக்கலாம், வெறும் வயசாகியும் ஆகியிருக்கலாம். அதை மாற்றி, டை ராடைத் திருகி டோவைச் சரிசெய்துவிட்டார்கள். கேம்பரும் லேசாகச் சிவப்பில்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, இந்த வண்டியில் அதற்குத் திருகு வைக்கவே இல்லை என்றார் மெக்கானிக். மெக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள பல கார்களில் அப்படித்தானாம். மரச் சக்கரக்காரன் அச்சை வளைத்தே சரிசெய்துகொண்டான், பாவம் நமக்கு அந்த வசதியும் இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டு எழுதி, அலைன்மென்ட் தாளோடு சேர்த்து மாமாவிடம் கொடுத்தேன். ஓனர் இரண்டையும் வாங்கிப் பார்த்தாராம்.

"யாரு எழுதினது?"

"அக்கா பையன் சார்."

"என்ன படிக்கிறான்?"

"பி.காம்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அதற்கான பில்லை அவரே கட்டுகிறார். பிடித்த டயர் காசைப் பற்றி மாமாவும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.