பதிவாளரில்லாப் பெயர்ப் பதிவு: நேம்காயின் தரும் சாட்சியம்

இணையத்தில் ஒரு டொமைன் பெயர் இன்னாருடையது என்று நிச்சயித்துச் சொல்லும் அதிகாரம், 1998-இல் தோன்றிய ஐகேன் என்னும் ஸ்தாபனத்தையும் அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களையும் பெரும்பாலும் சார்ந்து நிற்கிறது; அவ்வதிகாரம் இவ்வாறு குவிந்திருப்பதனால், அரசாங்கமோ நீதிமன்றமோ பதிவாளரை நிர்ப்பந்தித்து ஒருவர் பெயரைப் பறித்துவிடக்கூடும் என்ற அச்சமே, பதிவாளர் என்ற ஒருவரே இல்லாத பெயர்முறையைச் சிலர் நாடக் காரணமாயிற்று.

நினைவில் நிற்கும் எளிமை, மோசடிக்கு இடந்தராமை, ஒரு தலைமைக்குக் கட்டுப்படாமை ஆகிய மூன்று குணங்களும் ஒரே பெயர்முறையில் கூடுவது துர்லபம் என்பது ஸூகோ வில்காக்ஸ் 2001-இல் முன்வைத்த வாதம். பிட்காயினுடையது போன்ற பொதுக் கணக்கேட்டைக் கொண்டு மூன்றையும் கூட்டலாம் என 2011 ஜனவரியில் ஆரன் ஸ்வார்ட்ஸ் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலில், பிட்காயின் நிரலையே அடிப்படையாகக் கொண்ட நேம்காயின் தோன்றி, டாட் பிட் என முடியும் பெயர்களை வழங்கலாயிற்று.

அதன் பதிவுமுறை நுட்பமானது. பெயரை நாடுபவர் முதலில் அதை வெளியிடுவதில்லை. ஓர் இரகசிய எண்ணுடன் சேர்த்துக் கணித்த, மூலத்தைக் காட்டிக்கொடாத ஹாஷ் மதிப்பை மட்டும் ஏட்டில் ஏற்றிவிட்டு, ஏட்டின் பக்கங்கள் எனத்தக்க பிளாக்குகள் பன்னிரண்டு, அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம், கழிந்த பின்னரே பெயரை அறிவிக்கிறார். பிறர் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்து முந்திக்கொள்ளும் வஞ்சகத்துக்கு இதனால் வழியில்லை. 36,000 பிளாக்குகளுக்குள், சுமார் 250 நாட்களில், புதுப்பிக்காவிடில் உரிமை தானே ஒழிகிறது. திருட்டைத் தடுப்பதில் இத்துணை சாதுரியம் காட்டியவர்கள், பேராசையைத் தடுக்க நிலைத்த உபாயம் ஒன்றை மட்டும் வகுக்காமல் விட்டார்கள்.

விளைவு 2015-இல் பிரத்தியட்சமாயிற்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வேட்டைப் பரிசோதித்தபோது, பதிவாகியிருந்த ஏறத்தாழ 1,20,000 பெயர்களில், வளைத்துப் போடப்படாமலும் பொருட்படுத்தத்தக்க உள்ளடக்கத்தோடும் இருந்தவை 28 மாத்திரமே. ஒரு பெயரைக் கைப்பற்ற 0.01 நேம்காயின் என்ற அற்பக் கட்டணமே போதுமானதாயிருக்கையில், பிரபல நிறுவனங்களின் பெயர்களைப் பின்னர் விற்கலாமென்று குவித்து வைப்பது எவர்க்கும் இயல்பே.

கட்டணத்தை உயர்த்தினால் தீருமே என்று கேட்கலாம். ஆனால் எவ்வளவு உயர்த்துவது, யார் உயர்த்துவது? பின்வந்த அத்தகைய பெயர்முறைகளில் ஒன்றான எதீரியம் பெயர் சேவை, மூன்றெழுத்துப் பெயருக்கு ஆண்டுக்கு 640 டாலர், நான்கெழுத்துக்கு 160, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 5 என விதித்தது. மற்றொன்றான ஹேண்ட்ஷேக், பிரபலமான தளங்களின் பெயர்களை அவற்றின் தற்போதைய உரிமையாளர்க்கென முன்கூட்டியே ஒதுக்கி வைத்தது. இவை யாவும் யாருக்கு எப்பெயர் தகும் என்ற தீர்ப்புகளே. நிரலாக எழுதப்பட்டமையால் மட்டும் அவை தீர்ப்பல்லாமற் போகா. (கணிதம் பாரபட்சமற்றது என்ற பெருமிதம் இத்துறையில் சற்று அதிகம்.) ஆகவே இம்முறைகள் பதிவாளரின் அலுவலகத்தைக் கலைத்தனவேயன்றி அவர் கடமையைக் கலைக்கவில்லை என்றும், அக்கடமையை விலையும் நிரலாசிரியரும் பகிர்ந்துகொண்டனர் என்றும் கொள்வதே பொருந்தும்.

பறிக்கவியலாமை என்ற பிரதான லாபத்தை நான் மறுக்கவில்லை. பெயருக்குரிய இரகசியச் சாவியை உடையவரன்றி மற்றொருவர் ஏட்டுப் பதிவை மாற்ற முடியாது. எனினும் பெயரை ஏட்டிலிருந்து எடுத்துப் பயனர்க்கு விடைகூறும் சேவையும் ஒன்று வேண்டும். டாட் பிட் பெயர்களை அவ்வாறு வழங்கிவந்த ஓபன்நிக், தீநிரல் பரப்புவோர் அவற்றைத் துஷ்பிரயோகம் செய்வதைக் காரணங்காட்டி, தன் உறுப்பினர்களின் வாக்கெடுப்பின்படி 2019-இல் அவ்வழங்கலை நிறுத்திவிட்டது.