தங்கவயலில் 'தொழிலாளி': ஒரு சொல்லும் பெண்களின் வறுமையும்

தமிழில் 'தொழிலாளி' என்னும் சொல் இருபாற்கும் பொதுவானது. எனினும் கோலார் தங்கவயலில் 'சுரங்கத் தொழிலாளி' என்ற அளவில் கேட்போர் மனத்தில் தோன்றுவது ஆணின் உருவமே. இப்பொருட்சுருக்கம் மொழியியல்பால் நேர்ந்ததன்று. கூலி யார் கைக்குச் சென்றது என்பதால் நேர்ந்தது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் முயற்சியால் இங்கு நவீனச் சுரங்கத் தொழில் தொடங்கிற்று. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர், அவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், குடும்பத்தோடு குடியேறினர். ஊரில் நாற்று நட்டும் களையெடுத்தும் பெண் பெற்ற கூலி சிறிதே. ஆயினும் அது அவள் கைக்கு வந்தது. தங்கவயலிலோ கூலி பூமிக்கடியில் இருந்தது. மேற்பரப்பில் பெண்களுக்குக் கிடைத்த வேலை மிகக் குறைவு.

நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்கள் பணிபுரிவதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1935இல் ஜெனீவாவில் உருவாயிற்று. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 46ஆம் பிரிவில், அத்தடையை உறுதி செய்தது. மேற்பரப்பிலும் காலை 6 முதல் மாலை 7 வரை மட்டுமே அவர்கட்கு அன்று வேலை அனுமதிக்கப்பட்டது. இதனை வெறும் ஒதுக்கல் என்று தள்ளிவிடவும் இயலாது. 1940களில் இங்கு நடந்த மருத்துவ ஆய்வு, சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்ததைக் காட்டிற்று. அந்நோயிலிருந்து பெண்ணைக் காத்த சட்டம், அதே நோய்க்குக் கணவனைப் பறிகொடுத்தவளுக்கு வேறு பிழைப்பைக் காட்டவில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும் ஒத்த வேலைக்கே சம ஊதியம் என்றது. ஒத்த வேலையே மறுக்கப்பட்ட இடத்தில் அதனாற் பயன் என்ன?

மொழிபெயர்ப்பாளர் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தன் ஆங்கில மூலத்தில் 'வொர்க்மேன்' என்றே வழங்கிற்று. பெண்ணும் அதனுள் அடங்கினாள் எனினும் சொல் ஆண்பாலே. 2009ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை 'எம்ப்ளாயி' என மாற்றியது. 'தொழிலாளி' என்று பெயர்த்த தமிழில் அவ்வாண்பால் மறைந்துவிடும். அடுத்து வரும் 'சார்ந்திருப்போர்' பட்டியலில் விதவை நிற்கும்போதுதான் அது வெளிப்படும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பெங்களூரை நோக்கிய விடியற்கால இரயில்களில் ஆண்களோடு பெண்களும் ஏறினர்; ஆயத்த ஆடை ஆலைகளிலும் பிறர் வீடுகளிலும் கூலிக்கு அமர்ந்தனர். நிலத்தடித் தடை 2019இல் தளர்த்தப்பட்டபோது, அத்தளர்வு தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகட்கு மட்டுமே உரியதாயிருந்தது. பாறை உடைக்கும் வேலை அதில் இடம்பெறவில்லை.